எச்சரிக்கையைப் பார்ப்பது யார், முடிவெடுப்பது யார்? செயற்கை நுண்ணறிவால் மாறிவரும் சைபர் கண்காணிப்பு மையங்கள்

பெங்களூரு: 2013 ஆம் ஆண்டு நவம்பர் 30, சனிக்கிழமை. அமெரிக்காவின் பெரும் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட்டின் கணினி வலையமைப்பில் முன்னரே ஊடுருவியிருந்த கும்பல், கடன் அட்டை விவரங்களை வெளியே கடத்துவதற்கான மென்பொருளை அன்று நிறுவியது. அந்நிறுவனம் ஆறு மாதங்களுக்கு முன்னர் 16 லட்சம் டாலர் செலவில் வாங்கியிருந்த கண்காணிப்புக் கருவி அதனைக் கண்டறிந்து எச்சரித்தது. எச்சரிக்கையைப் பார்த்தவர்கள் பெங்களூரில் இரவு பகலாகப் பணியாற்றிய கண்காணிப்புக் குழுவினர். அவர்கள் மின்னியாபொலிஸ் நகரில் உள்ள தலைமையகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு உடனே தகவல் அனுப்பினர்.

தலைமையகம் நடவடிக்கை எடுக்கவில்லை. டிசம்பர் 12 அன்று அமெரிக்க அரசின் புலனாய்வு அதிகாரிகள் தொடர்பு கொண்ட பின்னர்தான் நிறுவனம் விழித்துக்கொண்டது. அதற்குள் 4 கோடி கடன் மற்றும் பற்று அட்டைகளின் விவரங்கள் கைமாறிவிட்டன. ஏறத்தாழ 7 கோடி வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் உள்ளிட்ட தகவல்களும் களவுபோயின. சில மாதங்களில் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பத் தலைவரும், பின்னர் தலைமைச் செயல் அதிகாரியும் பதவி விலகினர்.

இந்நிகழ்வில் அதிகம் பேசப்படாத விவரம் ஒன்று உண்டு. தீங்கு விளைவிக்கும் மென்பொருளைக் கண்டவுடன் தானாகவே அழித்துவிடும் வசதி அந்தக் கருவியில் இருந்தது. அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இறுதி முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்பது பாதுகாப்புக் குழுக்களின் நெடுநாள் வழக்கம். அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு.

பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்ட நிலையில், அணைத்து வைக்கப்பட்ட அந்த வசதியை இயக்கலாமா என்ற கேள்வி இந்தியாவின் கண்காணிப்பு மையங்களில் மீண்டும் எழுந்துள்ளது. இம்முறை அதனுடன் செயற்கை நுண்ணறிவு சேர்ந்துள்ளது. எச்சரிக்கையைப் படிப்பது, ஆராய்வது, முடித்து வைப்பது ஆகிய பணிகளை இயந்திரம் ஏற்கத் தொடங்கிவிட்டது. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் பெரும்பாலான நிறுவனங்கள் இன்னும் எழுத்துப்பூர்வமான விடை காணவில்லை.

இரவுப் பணியின் கணக்கு

ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'சாக்' என்று துறையினர் அழைக்கும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம், ஒரு வகையில் காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையைப் போன்றது. நிறுவனத்தின் சர்வர்கள், மடிக்கணினிகள், மின்னஞ்சல், ஃபயர்வால், கிளவுட் கணக்குகள் ஆகியவற்றில் நிகழும் ஒவ்வொரு செயலும் லாக் எனப்படும் பதிவாகச் சேமிக்கப்படுகிறது. அப்பதிவுகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு, முன்னரே வகுத்த விதிகளுடன் ஒப்பிடப்படுகின்றன. விதிக்கு முரணானது தென்பட்டால் எச்சரிக்கை எழும்.

இப்பணி பொதுவாக மூன்று நிலைகளைக் கொண்டது. முதல் நிலைப் பணியாளர்கள் எச்சரிக்கையைத் திறந்து, அது உண்மையா வெற்றொலியா எனப் பிரிக்கின்றனர். ஐயத்துக்குரியவை இரண்டாம் நிலைக்குச் செல்கின்றன. நிபுணர்களைக் கொண்ட மூன்றாம் நிலை, ஊடுருவலின் வேரைத் தேடுகிறது. பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை, நொய்டா ஆகிய நகரங்களில் இந்திய நிறுவனங்களுக்காக மட்டுமின்றி, அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்காகவும் இம்மையங்கள் இயங்குகின்றன. அங்கு இரவாக இருக்கும்போது இங்கு பகல் என்பதும், ஊதிய வேறுபாடும் இதற்கான காரணங்கள். முதல் நிலையில் பெரும்பாலும் பட்டப்படிப்பை முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்கள் அமர்கின்றனர்.

அவர்கள் காணும் எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. கடவுச்சொல்லை மறந்து ஐந்து முறை தவறாகத் தட்டிய ஊழியர், வெளியூர் விடுதியிலிருந்து மின்னஞ்சலைத் திறந்த மேலாளர், நள்ளிரவில் தானாக இயங்கிய காப்புப்படிவ மென்பொருள் என ஒரே வகை வெற்றொலிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எட்டு மணி நேரம் இவற்றையே முடித்து வைக்கும் கண்கள், ஒன்பதாவது மணியில் வரும் உண்மையான எச்சரிக்கையையும் அதே வேகத்தில் முடித்து வைக்கும் அபாயம் உண்டு. இதனைத் துறையினர் எச்சரிக்கைச் சோர்வு என்கின்றனர்.

இந்த விகிதத்தைப் புரிந்துகொள்ள அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று உதவும். 2025 ஆம் ஆண்டு மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடவடிக்கையை ஒட்டிய நாள்களில் இந்திய இணையதளங்கள் மீது சுமார் 15 லட்சம் சைபர் தாக்குதல்கள் நடத்தப்பட்டதாகவும், அவற்றுள் 150 மட்டுமே வெற்றி பெற்றதாகவும் மகாராஷ்டிர மாநிலத்தின் சைபர் பிரிவு தெரிவித்தது. பத்தாயிரத்துக்கு ஒன்று. முயற்சி ஒவ்வொன்றும் தனித்தனி எச்சரிக்கையாக எழுவதில்லை. இருப்பினும், எந்த அளவு வைக்கோலில் எந்த அளவு ஊசியைத் தேட வேண்டியுள்ளது என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் பதிவு செய்த சைபர் பாதுகாப்புச் சம்பவங்கள் 2019 இல் 3.94 லட்சம். 2023 இல் அவை 15.92 லட்சம். நான்கு ஆண்டுகளில் நான்கு மடங்கு. இதில் ஒரு பகுதி, சம்பவங்களை அறிவிக்கும் பழக்கம் கூடியதால் ஏற்பட்ட உயர்வு என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நேரம் சுருங்குகிறது

எண்ணிக்கையைக் காட்டிலும் கவலைக்குரியது வேகம். ஊடுருவியவர் முதலில் கைப்பற்றிய கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு நகர எடுக்கும் நேரம், பாதுகாப்புக் குழுவுக்குக் கிடைக்கும் உண்மையான அவகாசமாகும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளின்படி, குற்றக் கும்பல்களின் சராசரி 2023 இல் 62 நிமிடங்களாக இருந்தது. 2024 இல் அது 48 நிமிடங்களாகக் குறைந்தது. அவ்வாண்டில் பதிவான மிகக் குறைந்த நேரம் 51 விநாடிகள். பாதுகாப்புக் கருவிகளை விற்கும் நிறுவனமே இந்த எண்களையும் வெளியிடுகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஆனால் போக்கு எத்திசையில் செல்கிறது என்பதில் துறைக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அதே அறிக்கையின் மற்றொரு தகவல் இன்னும் முக்கியமானது. 2024 இல் கண்டறியப்பட்ட ஊடுருவல்களில் 79 விழுக்காட்டில் தீங்கு நிரல் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. திருடிய கடவுச்சொல்லைக் கொண்டு, முறையான ஊழியரைப் போல முன்வாசல் வழியாகவே உள்ளே வருகின்றனர். வைரஸின் அடையாளத்தை வைத்துப் பிடிக்கும் பழைய முறைக்கு இங்கு வேலையில்லை. ஊழியரின் வழக்கமான நடத்தையிலிருந்து இன்றைய நடத்தை எங்கு விலகுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணால் ஆயிரக்கணக்கான ஊழியர்களை அவ்வாறு பார்ப்பது இயலாது. செயற்கை நுண்ணறிவுக்கு இம்மையங்களில் இடம் கிடைத்ததற்கான முதன்மைக் காரணம் இதுவே.

கடவுச்சொல்லைப் பறிக்கும் கலையும் மாறிவிட்டது. பிழைகள் மலிந்த ஆங்கிலத்தில் வந்த மோசடி மின்னஞ்சலை எளிதில் இனங்காண முடிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது மொழிப்பிழை நம்பத்தக்க அடையாளமன்று. பாரதி குழுமத்தின் தலைவர் சுனில் மிட்டலின் குரலைப் போலியாக உருவாக்கி, துபாயில் உள்ள அவரது நிறுவன அதிகாரியிடம் பெருந்தொகையை மாற்றுமாறு கேட்ட முயற்சி குறித்து அவரே 2024 அக்டோபரில் பொது மேடையில் விவரித்தார். அந்த அதிகாரி சுதாரித்துக்கொண்டார். ஹாங்காங்கில் பொறியியல் நிறுவனமான ஆரூப்பின் ஊழியர் அவ்வாறு தப்பவில்லை. நிதித்துறைத் தலைவரும் சக ஊழியர்களும் பங்கேற்றதாகத் தோன்றிய போலிக் காணொளிக் கூட்டத்தை நம்பி, 20 கோடி ஹாங்காங் டாலரை 15 தவணைகளில் அவர் அனுப்பிவிட்டார்.

2025 நவம்பரில் வெளியான ஓர் அறிக்கை விவாதத்தை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியது. சீன அரசின் ஆதரவு பெற்றதாகக் கருதப்படும் குழு ஒன்று தனது கிளாட் செயலியைப் பயன்படுத்தி, உலகெங்கும் சுமார் 30 அமைப்புகளைக் குறிவைத்ததாக அமெரிக்க நிறுவனமான ஆந்த்ரோபிக் தெரிவித்தது. பணியில் 80 முதல் 90 விழுக்காட்டை இயந்திரமே செய்ததாகவும், ஒரு சில முக்கியக் கட்டங்களில் மட்டுமே மனிதர்கள் தலையிட்டதாகவும் அந்த அறிக்கை கூறியது. தாங்கள் பாதுகாப்புச் சோதனை நடத்துபவர்கள் எனப் பொய் சொல்லியே அக்குழுவினர் இயந்திரத்தை வேலை வாங்கினர். சில முயற்சிகள் மட்டுமே பலித்தன. இயந்திரம் இல்லாத கடவுச்சொற்களைக் கண்டெடுத்ததாகக் கற்பனை செய்து கூறியதும் அறிக்கையில் பதிவாகியுள்ளது. தாக்குபவரின் கையிலும் இக்கருவி பிழை செய்கிறது. ஆனால் நூறு கதவுகளைத் தட்டுபவருக்கு ஒன்று திறந்தாலே போதும், காப்பவரின் பிழைக்கு அத்தகைய சலுகை கிடையாது.

அரை மணி நேர வேலை, அரை நிமிடத்தில்

மையத்தின் அன்றாடப் பணியில் என்ன மாறியிருக்கிறது? எடுத்துக்காட்டாக, புனேயில் உள்ள நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவு ஊழியரின் பெயரில் அதிகாலை 2 மணிக்கு வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து உள்நுழைவு நிகழ்கிறது எனக் கொள்வோம். முதல் நிலைப் பணியாளர் அந்த முகவரி யாருடையது எனத் தேடுவார். அந்த ஊழியர் அதற்கு முன்பு கடைசியாக எங்கிருந்து நுழைந்தார், அதே நேரத்தில் இந்தியாவிலும் அவரது கணக்கு இயங்குகிறதா, புதிய கைபேசி எதுவும் இணைக்கப்பட்டதா, மின்னஞ்சலைத் தானாக வெளியே அனுப்பும் விதி ஏதும் உருவாக்கப்பட்டதா எனப் பார்ப்பார். நான்கைந்து திரைகளைத் திறந்து, விவரங்களைத் தொகுத்து, குறிப்பெழுதி முடிக்க இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகலாம். இதற்கிடையே வரிசையில் மேலும் பல எச்சரிக்கைகள் சேர்ந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு இதே தேடல்களை ஒரே நேரத்தில் நடத்தி, அரை நிமிடத்துக்குள் ஒரு பத்தியில் சுருக்கம் தருகிறது. வரிசையின் அடியில் உள்ளவற்றையும் அதே கவனத்துடன் பார்க்கிறது. களைப்பு அதற்கில்லை. இது மெய்யான பயன். இதனை மறுப்பதில் பொருளில்லை.

இயந்திரம் தடுமாறுவது நிறுவனத்தின் உள்விவகாரங்களில். அந்த ஊழியர் உறவினரின் திருமணத்துக்காகச் சிங்கப்பூர் சென்றிருக்கிறார் என்பது அவரது மேலாளருக்குத் தெரியும். எந்தப் பதிவிலும் இருக்காது. ஒரு பொறியாளர் நேற்று பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு இன்று கோப்புகளைப் பதிவிறக்குகிறார் என்பதும் அவ்வாறே. இத்தகைய அறிவு, ஒரே வாடிக்கையாளரின் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய பணியாளர்களின் மனத்தில்தான் இருக்கிறது. அதனை எழுதி வைக்கும் பழக்கம் பல மையங்களில் இல்லாததால், ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாகவே கைமாறுகிறது.

மற்றோர் ஆபத்து புதியது. கண்காணிப்பு மையத்தின் செயற்கை நுண்ணறிவு படிக்கும் மின்னஞ்சலையும் கோப்பையும், சில வேளைகளில் பதிவுகளின் சொற்களையும்கூட, எழுதியவர் தாக்குபவராகவே இருக்கலாம். மின்னஞ்சலுக்குள் இயந்திரத்துக்கான கட்டளையை ஒளித்து வைத்தால், அது ஆராய வேண்டிய பொருளையே உத்தரவாகக் கொண்டுவிடும். இது வெறும் ஊகமன்று. மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் செயலியில் இத்தகைய குறைபாடு இருந்தது 2025 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்தது. எக்கோலீக் எனப் பெயரிடப்பட்ட அந்த முறையில், பயனர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தாலே நிறுவனத்தின் உள்தகவலை வெளியே கசியச் செய்ய இயலும் என ஆய்வாளர்கள் காட்டினர். மைக்ரோசாஃப்ட் அதனைச் சரிசெய்தது. வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படவில்லை என்றும் கூறியது. ஆயினும் சாட்சியின் வாக்குமூலத்தையும் நீதிபதியின் உத்தரவையும் பிரித்தறியாத இந்த இயல்பு, இன்றைய மொழி மாதிரிகளின் அடிப்படையிலேயே உள்ளது. ஒரு நிறுவனத்தின் திருத்தத்தால் மட்டும் அது மறைந்துவிடாது.

பொத்தானை இயந்திரத்திடம் கொடுக்கலாமா?

சுருக்கம் எழுதுவது ஒன்று, கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிப்பது வேறொன்று. வேகத்தின் பயனை முழுமையாகப் பெற வேண்டுமானால் இரண்டாவதையும் இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். 51 விநாடிகளில் நகரும் ஊடுருவலைத் தொலைபேசியில் ஒப்புதல் பெற்றுத் தடுக்க இயலாது.

இந்தியாவின் அனுபவமும் இதற்கு வலு சேர்க்கிறது. 2018 ஆகஸ்ட் 11, ஒரு சனிக்கிழமை. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் அட்டைகளின் நகல்களைக் கொண்டு 28 நாடுகளின் ஏடிஎம்களில் சில மணி நேரத்துக்குள் பணம் எடுக்கப்பட்டது. ஒப்புதல் வழங்கும் மென்பொருளுக்கு மாற்றாக ஊடுருவியவர்கள் போலியானதை அமைத்து, எல்லாக் கோரிக்கைகளுக்கும் இசைவு அளிக்கச் செய்தனர். இரண்டு நாள்கள் கழித்து, திங்கட்கிழமை, ஹாங்காங் வங்கிக் கணக்குக்கு 13.92 கோடி ரூபாய் மாற்றப்பட்டது. மொத்த இழப்பு 94 கோடி ரூபாயைத் தாண்டியது. முதல் தாக்குதலுக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்காமல் இந்த நிகழ்வைக் கடக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று காலை, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாக அனுப்பிய பிழையான கோப்பு 78 நிமிடங்கள் மட்டுமே புழக்கத்தில் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. அதில் செயற்கை நுண்ணறிவுக்கோ தாக்குதலுக்கோ பங்கில்லை. மிக உயர்ந்த அதிகாரம் பெற்ற பாதுகாப்புக் கருவி ஒன்று தவறியது, அவ்வளவே. மருத்துவமனையின் ஆய்வக சர்வரையோ, ஊதிய நாளில் வங்கியின் பரிவர்த்தனை சர்வரையோ தவறான ஐயத்தின் பேரில் இயந்திரம் துண்டித்தால் விளைவு எத்தகையதாக இருக்கும் என ஊகிக்கலாம்.

சர்வர் முடங்குவதன் பொருளை தில்லி எய்ம்ஸ் அறியும். 2022 நவம்பர் 23 அன்று நிகழ்ந்த ரான்சம்வேர் தாக்குதலில் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளிகள் பதிவு, ஆய்வக முடிவுகள், கட்டண ரசீது அனைத்தும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குக் காகிதத்துக்குத் திரும்பின. வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. எந்தச் செயற்கை நுண்ணறிவும் இந்தக் குறையை ஈடுசெய்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூட்டு இல்லாத வீட்டில் கேமரா பொருத்துவதைப் போன்றது அது.

நடைமுறையில் நிதானமான மையங்கள் இடைவழியைத் தேர்ந்துள்ளன. தனிநபரின் மடிக்கணினியைத் துண்டிப்பது, கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்துவது போன்ற, அரை மணி நேரத்தில் திருத்திக்கொள்ளக்கூடிய செயல்களை இயந்திரத்திடம் விடுகின்றனர். சர்வர், பணப் பரிவர்த்தனை, தொழிற்சாலை இயந்திரம் ஆகியவற்றைத் தொடும் செயல்களுக்கு மனித ஒப்புதல் தேவை. ஆனால் ஒப்புதல் தர வேண்டியவர் அதிகாலை 3 மணிக்குத் தொலைபேசியை எடுப்பாரா என்பதுதான் பழைய சிக்கல். டார்கெட் நிகழ்வில் பெங்களூரு குழுவுக்குக் கண் இருந்தது, கை இல்லை. இன்றும் பல ஒப்பந்தங்களில் நிலைமை இதுவே. கண்காணிப்பவர் வெளி நிறுவனத்தின் ஊழியர். துண்டிக்கும் அதிகாரம் வாடிக்கையாளரிடம். புதிய கருவி வாங்குவதற்கு முன்னர் இந்தப் பிரிவைத் திருத்தி எழுதுவது செலவில்லாத சீர்திருத்தம்.

முகவர் என்ற சொல்

இத்துறையின் அறிக்கைகளைத் தமிழாக்கும்போது அடிக்கடி இடறும் சொல் 'ஏஐ ஏஜென்ட்'. தமிழில் முகவர் என்று எழுதினால், காப்பீட்டு முகவரே பலரின் நினைவுக்கு வருவார். அது தவறான நினைவு அன்று. முகவர் என்பவர் மற்றொருவரின் சார்பாகச் செயல்படுபவர். அவரது செயலுக்கு நியமித்தவர் பொறுப்பேற்கிறார் என்பது 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலிருந்து நாம் அறிந்த கோட்பாடு. மென்பொருளைச் சட்டம் நபராகக் கருதுவதில்லை. எனவே அது முடித்து வைத்த எச்சரிக்கைக்கு யாரேனும் ஒரு மனிதர் பெயர் கொடுத்தாக வேண்டும்.

இந்திய விதிமுறைகள் இதனை மேலும் நெருக்குகின்றன. சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. உண்மையான எச்சரிக்கை ஒன்றை இயந்திரம் 'தீங்கற்றது' என மூடிவிட்டால், நிறுவனம் அதனை எப்போது அறிந்ததாகக் கொள்வது? இயந்திரம் படித்த நொடியிலா, மனிதர் கண்டுபிடித்த நாளிலா? உத்தரவு எழுதப்பட்ட காலத்தில் இக்கேள்வி எழவில்லை. இயந்திரம் எந்தச் சான்றுகளைப் பார்த்து அம்முடிவுக்கு வந்தது என்ற குறிப்பையும் பதிவுகளுடன் சேர்த்து வைப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.

சிறிய நிறுவனங்களின் நிலை வேறு. வங்கிகள் கண்காணிப்பு மையம் அமைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜூனிலேயே கூறிவிட்டது. ஆனால் மாவட்டக் கூட்டுறவு வங்கியால் இருபத்து நான்கு மணி நேரமும் மூன்று ஷிப்ட்களுக்கு ஆள் வைக்க இயலாது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற சேவை நிறுவனம் ரான்சம்வேருக்கு இலக்கானபோது, அதனைச் சார்ந்திருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றச் சேவை தடைபட்டது. பாதிப்பு பரவாமல் இருக்க, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்து, சோதனைக்குப் பின் மீண்டும் இணைத்தது. இங்கு மனிதர்கள் எடுத்த துண்டிப்பு முடிவு பலனளித்தது.

பங்குச் சந்தைத் துறையில் செபி மற்றொரு வழியைக் காட்டியுள்ளது. 2024 ஆகஸ்டில் அது வெளியிட்ட சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பு, சிறிய தரகு நிறுவனங்களுக்காகத் தேசியப் பங்குச் சந்தையும் மும்பை பங்குச் சந்தையும் பொதுக் கண்காணிப்பு மையங்களை அமைக்க வகை செய்தது. செயற்கை நுண்ணறிவால் மிகுந்த பயன் பெறக்கூடியவை இத்தகைய பொது மையங்களே. ஒரு தரகரிடம் காலையில் கண்ட தாக்குதல் முறையை மதியத்துக்குள் மற்ற நூற்றுக்கணக்கானோரிடம் தேடிப் பார்க்க அவற்றால் முடியும்.

முதல் படி இல்லாத ஏணி

இளைஞர்களுக்கு இதில் உள்ள கேள்வி நேரடியானது. முதல் நிலைப் பணியை இயந்திரம் செய்தால், வேலை எங்கே? 2025 மே மாதம் கிரவுட்ஸ்டிரைக் தனது ஊழியர்களில் 5 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 500 பேரை நீக்குவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு தங்களது ஆள்சேர்ப்புத் தேவையைக் குறைப்பதாக அதன் தலைமைச் செயல் அதிகாரி ஊழியர்களுக்கு எழுதினார். இதற்கு மாறாக, உலகம் முழுவதும் 48 லட்சம் சைபர் பாதுகாப்புப் பணியாளர்கள் தேவைப்படுவதாக ஐஎஸ்சி2 அமைப்பின் 2024 ஆய்வு மதிப்பிட்டது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். பற்றாக்குறை இருப்பது ஐந்து, பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு. ஆள்குறைப்பின் நிழல் விழுவது அனுபவம் தேடி வருபவர்கள் மீது.

அந்த அனுபவம் எங்கிருந்து வந்தது என்பதை நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன. மூன்றாம் நிலை நிபுணர்களில் பலர், ஆயிரக்கணக்கான வெற்றொலிகளைத் திறந்து பார்த்துத்தான் இயல்பு எது, பிறழ்வு எது எனக் கற்றனர். சலிப்பூட்டும் அந்த இரவுகளே பயிற்சிக்கூடமாக இருந்தன. அதனை மூடிவிட்டு, பத்தாண்டு கழித்து நிபுணர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அதுவரை இருப்பவர்கள் ஓய்வு பெறுவர், அல்லது கூடுதல் ஊதியத்துக்கு வெளிநாடு செல்வர். ஒரு நபருக்கு இவ்வளவு எனக் கட்டணம் வசூலிக்கும் ஒப்பந்த முறையில் வளர்ந்த இந்திய நிறுவனங்களுக்கு, ஆள்குறைப்பு வருவாய் இழப்பும்கூட. ஆகவே இங்கு அவசரம் காட்டப்படாது என்று சிலர் நம்புகின்றனர். வாடிக்கையாளர்கள் விலைக்குறைப்புக் கேட்கத் தொடங்கினால் அந்த நம்பிக்கை நிலைக்காது.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. இயந்திரம் 'தீங்கற்றது' என மூடியவற்றிலிருந்து நாள்தோறும் ஒரு பங்கை எடுத்து, புதியவர்கள் தொடக்கத்திலிருந்து தாமே ஆராய்ந்து பார்க்கலாம். இயந்திரத்தின் விடையைப் பின்னரே அவர்களுக்குக் காட்ட வேண்டும். இதனால் இயந்திரத்தின் பிழை விகிதம் தெரியவரும், புதியவர்களின் கையும் பழகும். எச்சரிக்கை எழுவதற்கான விதிகளை எழுதுதல், எச்சரிக்கை எழாத இடங்களில் ஊடுருவலைத் தேடுதல் ஆகியவற்றையும் முதல் ஆண்டிலேயே கற்பிக்கலாம். இவற்றுக்கு மூத்தோரின் நேரம் வேண்டும். கருவியால் மிச்சமான நேரத்தை நிறுவனம் இதற்கு ஒதுக்குகிறதா, அல்லது அடுத்த வாடிக்கையாளருக்கு விற்றுவிடுகிறதா என்பதை வேலைக்கான நேர்காணலில் விண்ணப்பதாரரே கேட்கலாம். பதில் பலவற்றைச் சொல்லும்.

எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுக் கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரங்களைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் அளிக்க வேண்டும் என்பதும், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இப்பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அது 2027 மே மாதத்தில் முடிவடைகிறது. இயந்திரம் மூடிய எச்சரிக்கைகளுக்கு யார் கையொப்பமிடுவது என்பதைக் கண்காணிப்பு மையங்கள் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.